லயமும் லயமும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மலையகத்திலே 'லயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் வரிசை வீடுகள். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்து நாவிலே லயனாகி, பின்னர் லயமாகியது. மற்றையது இசையிலே வழங்கும் லயம். இது வடமொழி வழியாக வந்தது. ஒன்றிலே ஒன்று ஒடுங்குதல், கரைதல் என்பது அதன் பொருள். ஒரே ஒலி, இரண்டு வேர்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் வேறு வேறல்ல. முதலாவது லயத்திலே பிறந்துதான் அவர்கள் இரண்டாவது லயத்தைக் கேட்டார்கள்.

இந்த இரண்டாவது லயத்தைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட வாசல் சற்றுப் புதியது. இரண்டு இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று தாளம் பிசகாமல் இணைக்கும் வித்தையை இன்றைய இளைஞர்கள் 'பீட் மெச்சிங்' என்கிறார்கள். கலியாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் 'டீ.ஜே.' என்று நாம் அழைக்கும் இளைஞரின் அடிப்படைத் தொழில் அதுதான். இலக்கியத் தொடரிலே டீ.ஜே.க்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். உரை முடிவதற்குள் அதற்கு விடை கிடைக்கும் என்று நம்புகிறேன்.

அவிசாவளையிலிருந்து அட்டனை நோக்கிச் செல்லும் ஏ-7 வீதியிலே, கித்துல்கலையைத் தாண்டி மலையேறி வந்தால் கினிகத்தேனை. மழைக்குப் பேர்போன ஊர். இங்கே ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்றிலே என் பழைய மாணவர் ஒருவர் வேலை பார்க்கிறார். உயர்தரத்திலே என்னிடம் தமிழ் படித்தவர். சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் மழை ஓயாத மாலைப் பொழுதுகளில் அந்தக் கடையின் பின்னறையில் அவருக்குப் பக்கத்திலே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இந்த வித்தையின் அரிச்சுவடியைப் படித்தேன். ஆசிரியர் அவர், மாணவன் நான்.

வித்தை இதுதான். ஒரு பாட்டு சபைக்கு ஒலித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த பாட்டு டீ.ஜே.யின் காதுக்கு மட்டும் ஒலிக்கிறது. செவிக்கருவியின் ஒரு பக்கம் காதிலே இருக்கும். மறு பக்கம் காதுக்குப் பின்னால் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆக, ஒரு காதிலே சபை, மறு காதிலே வரப்போகும் பாட்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். கேட்டு, இரண்டாவது பாட்டின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ முதலாவதின் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அதன் முதல் அடி, முன்னையதன் முதல் அடிமேல் விழும்படி கையை விட வேண்டும்.

கணக்கிலே சொன்னால் இலகுவாகத்தான் இருக்கிறது. சபையில் ஒலிப்பது நிமிடத்துக்கு 120 அடி. காத்திருப்பது 116 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதின் வேகத்தை ஏறத்தாழ மூன்றரைச் சதவீதம் கூட்டினால் இரண்டும் சமமாகும். ஆனால் காது கணக்குப் போடுவதில்லை. 120க்குப் பதிலாக 119இல் நின்றுவிட்டோம் என்றால், முதற் சில விநாடிகளுக்கு எல்லாம் பொருந்தியது போலவே இருக்கும். பிறகு 'தட்' என்ற ஓரொலி 'த-தட்' என்று இரட்டிக்கத் தொடங்கும். அரை நிமிடத்திலே ஒன்றின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நடுவே வந்து நிற்கும். கல்லுப் பாதையிலே குதிரை ஓடுவது போலக் கேட்கும். ஒரு நிமிடம் முடியும்போது முழுதாக ஓர் அடி பிந்தியிருக்கும். ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குக் காரணம் தெரியாது. கால் மட்டும் தடுமாறும்.

கற்பவருக்கு மிகக் கடினமானது எது தெரியுமா? வேறுபாடு இருக்கிறது என்று உணர்வது அல்ல. முந்துவது எது, பிந்துவது எது என்று சொல்வதுதான். முதல் மூன்று மாலைகள் எனக்கு அதிலேயே கழிந்தன. என் மாணவர் ஒரு வழி சொன்னார். "ரெண்டையும் ஒண்ணாக் கேக்காதீங்க சேர். ஒண்ணை உடம்புல வச்சுக்கோங்க, மத்ததைக் காதுல வச்சுக்கோங்க." அதாவது, சபையிலே ஒலிக்கும் தாளத்தைக் காலால் தட்டி உடம்புக்குக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு காது சுதந்திரமாகிவிடும். வரும் பாட்டு நம் காலுக்கு முன்னே விழுகிறதா, பின்னே விழுகிறதா என்று அது சொல்லிவிடும். நாலாம் நாள் மாலை எனக்கு அது பிடிபட்டது.

இந்த வித்தை பிறந்த கதையில் வானொலிக்கும் ஒரு பங்கு உண்டு. இசைத்தட்டுக் காலத்து அறிவிப்பாளர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாட்டின் முதல் ஒலியிலே ஊசியை வைத்து, தட்டைச் சற்றே பின்னுக்குத் திருப்பி வைப்பார்கள். பேச்சு முடியும் கணத்தில் தட்டுச் சுழன்று சரியான வேகத்தைப் பிடிக்கவும், பாட்டுத் தொடங்கவும் சரியாக இருக்கும். இன்னொரு முறையும் உண்டு. தட்டுக்கும் அதைச் சுழற்றும் தளத்துக்கும் இடையே வழுக்கும் துணி ஒன்றைப் போடுவார்கள். கீழே தளம் சுழலும். மேலே தட்டைக் கை பிடித்து நிறுத்தியிருக்கும். வேண்டிய கணத்தில் கையை எடுத்தால் பாட்டு அந்தக் கணமே தொடங்கும். வானொலி நிலையங்களில் இருந்த இந்த முறையை 1960களின் கடைசியில் நியூயோர்க்கிலே 'சாங்சுவரி' என்ற நடன மண்டபத்துக்குக் கொண்டுபோய், இரண்டு பாட்டுகளைத் தாளம் அறாமல் இணைத்துக் காட்டியவர் என்று பிரான்சிஸ் கிராசோ என்பவரைச் சொல்வார்கள். 1972இல் ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் எஸ்.எல்.1200 என்ற சுழற்கருவியை வெளியிட்டது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், வேகத்தை எட்டுச் சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நீண்ட நகர்த்தி இருந்தது. 2010இல் உற்பத்தி நின்றது. ஆனால் இசைத்தட்டை விரும்புவோர் மீண்டும் பெருகியதால் 2016இல் திரும்பவும் தொடங்கியது.

என் மாணவரிடம் இருப்பது அந்தக் கருவி அல்ல. மடிக்கணினியோடு இணைக்கும் இரட்டைச் சக்கரக் கருவி, அதுவும் பழையது. அதிலே 'சிங்க்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இரண்டு பாட்டுகளின் வேகத்தையும் கணினியே சமப்படுத்திவிடும். அந்தப் பொத்தானின் மேல் அவர் ஒட்டுநாடாவை ஒட்டி மூடி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "அழுத்தினா கை சும்மா இருக்கும் சேர். அப்புறம் காதும் சும்மா இருந்துரும்" என்றார். அந்தப் பதிலை நான் என் வகுப்பறைக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

நேயர்களே, இனி இலக்கியத்துக்கு வருவோம். யாப்பிலக்கணத்திலே தளை என்று ஓர் உறுப்பு உண்டு. சீரோடு சீர் சேரும்போது உண்டாகும் கட்டு அது. நின்ற சீரின் ஈற்றசையும் வருஞ்சீரின் முதலசையும் எவ்வாறு பொருந்துகின்றன என்று பார்ப்பதே தளை பார்ப்பது. நின்ற சீர், வருஞ்சீர் என்ற இந்தச் சொற்களைக் கவனியுங்கள். சபையிலே ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டு நின்ற சீர். செவிக்கருவியில் காத்திருப்பது வருஞ்சீர். டீ.ஜே. செய்வது தளை பார்க்கும் வேலைதான்.

ஓர் எளிய உதாரணம் சொல்கிறேன். 'மழையில் நனையும் மலை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'மழையில்' என்பது புளிமா. அடுத்து வரும் 'நனையும்' நிரையசையிலே தொடங்குகிறது. மாமுன் நிரை, வெண்டளை. 'நனையும்' என்பதும் புளிமா, 'மலை' நிரையசை. மறுபடியும் வெண்டளை. இப்போது 'மழையில் தேயிலை' என்று சொல்லுங்கள். மாமுன் நேர் வந்துவிட்டது. அது பிழையல்ல; ஆசிரியப்பாவுக்கு அதுவே உரிய நடை. ஆனால் வெண்பாவின் நடுவே வந்தால் கால் தடுமாறும். எங்கள் மாணவர்கள் இதைப் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று விரல்விட்டு எண்ணுகிறார்கள். வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேட்பவர் மிகச் சிலர். விதி என்னும் பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடுகிறது; காது சும்மா இருந்துவிடுகிறது.

நமது முன்னோர் அப்படி இருக்கவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தவர்கள், மாதவி ஆடிய அந்த அரங்கிலே கருவிகள் ஒலித்த ஒழுங்கை மறந்திருக்க மாட்டார்கள். குழலின் வழியிலே யாழ் நின்றது. யாழின் வழியிலே தண்ணுமை நின்றது. தண்ணுமையைப் பின்பற்றி முழவு நின்றது. முழவோடு கூடி ஆமந்திரிகை ஒலித்தது என்று இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். எல்லாம் ஒன்றாக ஒலித்தன என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வொன்றும் இன்னொன்றைக் கேட்டு, அதன் வழியிலே நின்றது என்கிறார். தண்ணுமை ஆசிரியனின் இலக்கணம் கூறுமிடத்தில் ஆக்கல், அடக்கல் என்று இரண்டு திறமைகளைச் சொல்கிறார். மற்றைய கருவிகளிலே இடையில் நேரும் குறையை நிரப்புவதும், மிகையாவதை அடக்குவதும் அவை என்று பொருள் விரிப்பார்கள். மற்றவனுடைய குறையைத் தன் கையால் நிரப்ப வேண்டுமானால் முதலில் மற்றவனைக் கேட்க வேண்டும் அல்லவா? இந்தக் காதையிலே யாழாசிரியனைப் பற்றி வரும் அடிகளுக்கு விரிவுரை காணப் புகுந்துதான், நமது ஈழத்துத் துறவி சுவாமி விபுலானந்தர் யாழ் நூலைப் படைத்தார். அது 1947இல் அரங்கேறியது. சில அடிகளுக்காக ஒரு வாழ்நாளின் உழைப்பு! கேட்டல் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். மலையகத்தின் காலக்கணக்கு ஒரு காலத்தில் தப்பின் ஒலியிலேதான் தொடங்கியது. இருள் பிரியுமுன் தப்பு முழங்கும். தொழிலாளர் எழுந்து பிரட்டுக்களத்துக்குப் போவார்கள். மக்கள் கவிமணி சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்திலே எழுதிய நெடுங்கவிதையை அந்த அதிகாலைப் பறையொலியோடுதான் தொடங்கினார். அந்தத் தப்பு வேலைக்கு அழைத்த தப்பு. மாசி மாதத்திலே அதே தப்பு வேறு முகம் காட்டும். காமன் கம்பம் ஊன்றிய நாள் முதல் காமன் தகனம் வரை, இரவு இரவாக ரதியும் மதனும் ஆடுவது தப்பின் தாளத்துக்குத்தான். பாத்திரத்துக்குப் பாத்திரம் அடி மாறும். இருட்டிலே கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும், வருவது தூதனா வீரபத்திரனா என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

நெருப்பிலே தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றி, ஒரு கையிலே தடித்த குட்டைக் குச்சியும் மறு கையிலே மெல்லிய நீளக் குச்சியுமாக நாலைந்து பேர் நின்று அடிக்கும்போது, அவர்களுக்குள் கணக்குச் சொல்பவர் எவரும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒருவர் அடியை ஒருவர் கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் ஓரத்திலே நின்று அடிப்படைத் தாளத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அதுவே பாடம். பீட் மெச்சிங் என்ற பெயரிலே என் மாணவர் எனக்குச் சொல்லித் தந்ததும் அந்தப் பாடத்தைத்தான்.

அவருடைய தாத்தா தப்புக் கலைஞர். நான் அதை அறிந்தது அந்தப் பின்னறையிலேதான். பாடசாலையிலே படித்த காலத்தில் அவர் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. "தாத்தா தப்படிக்கிறாருன்னு சொல்ல முடியுமா சேர்? சொன்னா அன்னைக்கே பட்டப்பேர் வச்சிருவாங்க" என்றார். நேயர்களே, இதை நாம் பூசி மெழுகிப் பேசக்கூடாது. தப்படிப்பது இன்ன சாதியாருக்குரிய தொழில் என்று வகுத்து, சாவு வீட்டுக்கும் சாமி ஊர்வலத்துக்கும் அவர்களைக் கூப்பிட்டு, பந்தியிலே தள்ளி நிற்க வைத்தது எங்கள் சமூகம்தான். கடல் கடந்து வந்து ஒரே கூரையின் கீழ், ஒரே லயத்திலே வாழ்ந்தும் அந்தப் பிரிவினை முற்றாகக் கரையவில்லை. லயம் என்ற சொல்லுக்குக் கரைதல் என்று பொருள் சொன்னேன். வீட்டு லயத்திலே அந்தக் கரைதல் நிகழவில்லை.

ஆகவே பேரன் தப்பைத் தொடவில்லை, இயந்திரத்தைத் தொட்டார். சக்கரத்தைச் சுழற்றும் கைக்கு எவரும் பட்டப்பெயர் வைப்பதில்லை. ஆனால் அவருடைய காது யாருடைய காது? சிறுவயதிலே தாத்தாவின் இடுப்போடு ஒட்டி நின்று கேட்ட காது அது. அவர் மற்றவர்களைவிட விரைவாக இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஆண்டு அவருடைய தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலே நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வழக்கமாக ஊர்வலத்தின் முன்னே தப்பு போகும். பின்னே ஒலிபெருக்கி கட்டிய லொறி வரும். இரண்டும் ஒன்றையொன்று கொல்லும். வெல்வது எப்போதும் லொறிதான். கிழவர்கள் சிறிது நேரம் அடித்துப் பார்த்துவிட்டுத் தோளிலே மாட்டிக்கொண்டு நடப்பார்கள். இம்முறை லொறியிலே நின்றவர் என் மாணவர். அவர் ஒலியைத் தாழ்த்தினார். செவிக்கருவியை ஒரு காதிலே வைத்து, மறு காதை முன்னே போகும் தப்புக்குக் கொடுத்தார். தப்பின் நடை மூன்று மூன்றாகத் துள்ளும் திஸ்ர நடை. அதே நடையிலே அமைந்த பாட்டொன்றைத் தேர்ந்து, வேகத்தைச் சரிசெய்து, தப்பின் அடிமேல் அடியாக அதை இறக்கினார்.

இங்கேதான் சிங்க் பொத்தான் உதவாது. அவருடைய கருவியால் ஒரு பாட்டை இன்னொரு பாட்டோடு சமப்படுத்த முடியும். தெருவிலே நடந்துகொண்டு அடிக்கும் கிழவரோடு சமப்படுத்த முடியாது. மனிதக் கை அடிக்கும் தாளம் ஒரே வேகத்தில் நிற்பதில்லை. ஏற்றத்திலே சற்றுத் தளரும். கூட்டம் ஆரவாரித்தால் ஏறும். தோல் குளிர்ந்தால் அடியே மாறும். பழைய திரையிசைப் பாட்டுகளும் இப்படித்தான். மனிதர் கூடியிருந்து வாசித்தவை ஆதலால் அவற்றின் வேகம் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும் என்று அவர் எனக்கு முன்னரே சொல்லித் தந்திருந்தார். ஆகவே பேரனின் விரல் அந்த நகர்த்தியை விட்டு அகலவில்லை. தாத்தா ஏறினால் இவரும் ஏற்றினார். தாத்தா தளர்ந்தால் இவரும் தளர்த்தினார். கால் மணி நேரத்துக்கு மேல் அது நீடித்தது. முன்னே போன பெரியவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு திரும்பவில்லை, அடியை மாற்றினார். பின்னே வருபவன் தொடர்கிறானா என்று சோதித்திருப்பார் போலும். தொடர்ந்தான்.

தப்பின் வழியிலே இயந்திரம் நின்றது. அரங்கேற்று காதையின் அந்த வரிசைக்கு நானறிந்த மிகச் சிறந்த விளக்கவுரை அதுதான்.

இதனாலே சாதி அழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மறுநாள் அந்தத் தப்புக் கலைஞருக்குக் கிடைத்த மரியாதை முந்தைய நாளைவிடப் பெரிதாகக் கூடியிருக்கவும் இல்லை. ஆனால் அவரது பேரன் இப்போது தன் தாத்தா யார் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறார். அந்த அடிகளைத் தொலைபேசியிலே பதிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் தாத்தா சொல்லும் பெயரை ஒரு பயிற்சிக் கொப்பியிலே எழுதிவருகிறார். பரீட்சைத் தாள்களிலே நான் கண்ட அவருடைய கையெழுத்து இப்போது திருந்தியிருக்கிறது.

தமிழ் கற்பிக்கும் என் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு இந்த உரையை நிறைவு செய்கிறேன். யாப்பைக் கரும்பலகையிலே தொடங்காதீர்கள். முதற் பாடத்தன்று பிள்ளைகளை மேசையிலே தாளம் போடச் சொல்லுங்கள். ஒரு பாதி வகுப்பு ஒரு பாட்டைச் சொல்லட்டும். மறு பாதி கேட்டு, அதன் வேகத்தைப் பிடித்து, அடுத்த பாட்டைத் தொடங்கட்டும். எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று அவர்களே சொல்லட்டும். அந்த ஊரிலே தப்பு அடிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், அவரை வகுப்பறைக்குள் அழையுங்கள். வாசலிலே நிறுத்தாமல், ஆசிரியரின் கதிரையைக் கொடுத்து உட்கார வையுங்கள். நேரசை, நிரையசை என்று நாம் எழுதிக் காட்டுவதை அவர் இரண்டு குச்சிகளால் காட்டுவார். அந்த வகுப்பிலே அவருடைய பேரனோ பேத்தியோ இருக்கக்கூடும். அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து உட்காருவதை நீங்கள் காண்பீர்கள்.